குழந்தை மறந்துவிட்டதா?



2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலை, குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகள்மீது நிலநடுக்கத்தால் கட்டடங்கள் சரிந்தன. மாண்ட சிறாருக்கு அவ்வூரில் இன்று நினைவகம் உண்டு. அத்தகைய இடர்களில் உயிர் தப்பிய சிறாரைப் பற்றியே நாம் பேச விழைகிறோம்.

"பிள்ளை மனம், நாலு நாளில் மறந்துவிடும்" என்பது நம் இல்லங்களில் வழங்கும் சொல். பலர் நாளடைவில் தெளிவது உண்மையே. ஆயின் ஒரு திங்கள் கழிந்த பின்னும் இரவில் அலறி விழித்தல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், சிற்றோசைக்கும் திடுக்கிடுதல், நடந்ததையே விளையாட்டாக ஓயாது நடித்தல், காரணம் புலப்படாத வயிற்றுவலி ஆகியன நீடிக்குமாயின், பிடிவாதமென்று அதட்டுதல் தகாது. எவர்க்கும் தொல்லை தராது மூலையில் ஒடுங்கியிருக்கும் குழந்தையோ கண்ணுக்கே படுவதில்லை. அதனைச் "சமர்த்து" என்று மெச்சுவாரும் உளர்!

ஆதலின் கேட்டறிதல் வேண்டும். இதற்கென அறிஞர் வகுத்த வினாத்தாள்கள் பல. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்குரிய ஒன்றில் வினாக்கள் எட்டே. வேண்டாதபோதும் அந்நினைவு வருகிறதா, அதனை நினைவூட்டும் இடங்களை விட்டு விலகுகிறாயா என்பன போன்றவை. விடைகளுக்குரிய எண்களைக் கூட்டி 17ஐ எட்டினால் மனநல மருத்துவரிடம் காட்டுதல் நலம். இது சல்லடையே அன்றி, நோய் இன்னதென்னும் தீர்ப்பன்று. விடை குழந்தையின் வாயிலிருந்தே வருதல் வேண்டும். பெற்றோர் வருந்துவரே என்று அனைத்தையும் உள்ளே புதைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

எனினும், நடந்ததை முழுதும் சொல்லென்று வற்புறுத்துதல் ஆகாது. வரும் விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் குழந்தையை நிறுத்தி, "மாமாவுக்குச் சொல்லம்மா" என்பது பரிவின் பெயரால் நிகழும் கொடுமை. உணவும் உறக்கமும் பள்ளியும் பழைய நேரப்படி நடக்கட்டும். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் அருகிலிருக்கட்டும். அதனாலும் தேறாதவர்க்குப் பயிற்சி பெற்றோர் படிப்படியாக அளிக்கும் பேச்சுவழிச் சிகிச்சை நற்பயன் தருவது.

பள்ளியில் இந்தியைச் சரளமாகப் பேசும் நம் பிள்ளை, அச்சத்தைச் சொல்ல வீட்டு மொழியை நாடக்கூடும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கச் செயலாளர் இசைந்துள்ளார்.