பருவந்தோறும் தன்னிலை வழுவாமை



பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிலிருந்து கல்வியின்பொருட்டு வெளியூர் செல்லும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வருங்கால், "இவன் பழைய பிள்ளையாக இல்லையே" என்று பெற்றோர் வருந்துவதை நாம் பல இல்லங்களிற் கேட்கின்றோம். பருவத்துக்குப் பருவம் மாறுகிறவன் தனக்கு உண்மையாக இருத்தல் கூடுமோ என்பதே அவ்வருத்தத்தின் உட்பொருள். விடை தேட நாம் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை.

1855-ஆம் ஆண்டிற் பிறந்தவரும் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவருமான மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வசித்தவர்கள். தந்தையார் சங்கீத வித்துவான். மைந்தரும் அவ்வித்தையிற் சிறக்கவேண்டுமென்பது அவர் விருப்பம். பிள்ளையின் மனமோ தமிழில் ஊன்றிவிட்டது. அரியலூரிற் சடகோபையங்கார் ஊட்டிய சுவை அது. தந்தையார் தடுத்தாரல்லர், ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அழைத்துச் சென்றார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகைப் பாடம் நடந்தது. ரெட்டியாரோ கற்பித்ததோடு நில்லாமல், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் போகும்படி சொன்னார். நல்ல மாணாக்கனைத் தம்மினும் பெரியாரிடம் அனுப்பும் மனம் எத்தனை பேருக்கு வரும்!

1871-இல், 16-ஆம் பிராயத்தில், மாயூரம் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரை ஆசிரியர் விருப்பப்படி விட்டு, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே கொண்டார். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப்பயிற்சியையும், ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லையென்று அறிந்து நிறுத்தினார். பெயர் மாறிற்று, குடும்ப வித்தையும் நின்றது. தமிழ் வேட்கை மட்டும் நிற்கவில்லை.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் உத்தியோகம் கிடைத்தது. அவ்வாண்டே அவ்வூர் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர் என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என அடுக்கிச் சொன்னார் ஐயர். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்றார். இல்லை. சம்பளமும் மதிப்பும் வந்தபின் போதுமென்று அமர்ந்துவிடுதல் நம்மவரில் அனேகருக்கு எளிது. அவரோ மீண்டும் மாணாக்கரானார். சைவ மடத்தின் ஆதரவில் வளர்ந்தவர், ஜைன அன்பர்களை நாடி ஐயந் தெளிந்து, 1887-இல் அந்நூலை அச்சேற்றினார். அதனால் தம் சமயம் விட்டாருமல்லர்.

1940-இல், 85-ஆம் பிராயத்தில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஆயினும் அரியலூரும் குன்றாமல் வந்தது. குன்னமும், செங்கணத்து ரெட்டியாரும் வந்தனர். நம் அங்கத்தினர் அப்பகுதிகளை ஓரிரவு வீட்டில் யாவரும் கேட்க வாசிக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.