ஒரு பகல், ஒரு துறைமுகம்: தரங்கம்பாடிக்குப் புறப்படுமுன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



இந்த முறை ஒருநாள் சுற்றுலாவுக்குத் தரங்கம்பாடி போகலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்ததும், "அங்கே ஒரு கோட்டையும் கடலும்தானே, அதற்காகப் போக வர எட்டு மணி நேரம் வேனில் உட்கார வேண்டுமா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வங்கியில் பேரேடு எழுதிய பழக்கத்தில் நானும் வரவு, செலவு பார்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் வரவு. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டென்மார்க் நாட்டுத் தளபதி ஓவே கெத்தே இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் மூத்தது, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. இத்தனையும் நடந்து பார்க்கும் தூரத்தில்தான்.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. கரீபியன் கடலில் அதே டென்மார்க்குக்கு இன்னொரு துறைமுகம் இருந்தது. புனித தாமசு தீவின் சார்லட் அமலி. அங்கேயும் ஒரு கோட்டை உண்டு. நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியை ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து அடிமைகளை வாங்கி, அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். 1917-இல் அந்தத் தீவுகளை அமெரிக்கா 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இன்று சார்லட் அமலிக்குப் பெரிய பெரிய உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. பயணிகள் காலையில் இறங்குகிறார்கள், சாயங்காலம் ஏறிவிடுகிறார்கள். தூக்கமும் சாப்பாடும் கப்பலில். நடுவில் உள்ள சில மணி நேரத்தில் அவர்கள் கரையில் செலவழிப்பதுதான் அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் பிழைப்பு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாமும் ஒரு வகையில் கரை இறங்கும் பயணிகள்தான். நம் வேன்தான் நமக்குக் கப்பல். சமையல்காரரை அழைத்துப் போய் அண்டாவில் சாதம் கொண்டுபோனால் தலைக்கு இவ்வளவு குறையும் என்று ஒரு யோசனை இருக்கிறது. கணக்கில் அது சரி. ஆனால் நம் கல்வராயன் மலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் எத்தனை வண்டிகள் ஏறுகின்றன! பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, தட்டையும் பாட்டிலையும் பாறையிடுக்கில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வழியில் தேனும் பலாப்பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலைவாசிப் பெண்ணிடம் நின்று விலை கேட்பவர்கள் எத்தனை பேர்? அதைப் பார்த்து வருத்தப்படும் நாமே, இன்னொரு ஊரில் போய் அதையே செய்யலாமா?

2004 சுனாமியில் தரங்கம்பாடி மீனவர் குடும்பங்கள் பட்ட துயரம் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் மதியச் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுவோம். முன்னதாகவே சொல்லிவைத்தால் நாற்பது பேருக்குச் சமைத்துத் தரக்கூடியவர்கள் அங்கே கிடைப்பார்கள். தலைக்குக் கொஞ்சம் கூடும். என் கணக்கில் அது செலவு அல்ல, நாம் பார்த்ததற்குக் கொடுக்கும் விலை.

இனி நேரக் கணக்கு. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால், வழியில் காலைச் சிற்றுண்டியும் முடித்து, பத்து மணிவாக்கில் சேர்ந்துவிடலாம். நகர வாயிலில் இறங்கி ராஜ வீதியில் நடந்து ஆலயங்களைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள் போவோம். உச்சி வெயிலில் கடற்கரையில் நிழல் கிடையாது. ஆகவே அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கோயிலையும் கடலையும் பார்க்கலாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாள் வேண்டாம். மாத்திரை, குடை, தண்ணீர் அவரவர் பொறுப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்க வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று சட்டமில்லை. ஆலயத்தில் அரை மணி உட்கார்ந்திருந்தாலும் அந்த நாள் வீணாகாது.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் கிளம்பிவிடும். கப்பல் போலவே அதுவும் யாருக்காகவும் காத்திருக்காது.

சாப்பாடு இங்கிருந்தா, அங்கேயா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பெயர் கொடுக்கும்போதே செயலாளரிடம் உங்கள் விருப்பத்தையும் சொல்லிவிடுங்கள்.