மின்கித்தாரும் சுருதியும்



திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களில் மாலை வேளையில் நடந்து போனால், லயத்து வீடு ஏதாவது ஒன்றிலிருந்து மின்கித்தாரின் ஓசை கேட்கும். இளைஞர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சில வீடுகளில் தாயாரின் கூட்டுச் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, அதை வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டில், "இந்தக் கித்தார் சரியில்லை, சுருதி நிற்கவில்லை, வேறு வாங்க வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. பழையது பாதி விலைக்குப் போகிறது. புதியது வந்த ஆறாம் மாதம் அதுவும் சரியில்லாததாகிவிடுகிறது. இவ்வாறு கைமாறிய கித்தார்களில் பலவற்றை நாம் வாங்கிப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலானவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. சுருதி சேர்க்கத்தான் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இன்றைய பேச்சில் அதைப் பற்றியே பார்ப்போம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். மரக்கித்தாருக்கு வயிறு உண்டு. அந்தக் கூடுதான் ஓசையைப் பெருக்குகிறது. மின்கித்தாரின் உடல் பெரும்பாலும் கெட்டி மரப் பலகை. தந்திகளுக்கு அடியில் காந்தத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி, தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கிப் பெட்டி அதைப் பெரிதாக்கி ஓசையாகத் தருகிறது. நைலான் தந்தி கட்டினால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. காந்தத்துக்கு நைலானைத் தெரியாதல்லவா!

1930-களின் தொடக்கத்தில், மடிமேல் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தாருக்காகவே அமெரிக்காவில் இந்த முறை முதலில் விற்பனைக்கு வந்தது. லியோ ஃபெண்டரின் கெட்டிமரக் கித்தார் 1950-இலும், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் 1952-இலும், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இலும் வெளிவந்தன. நம் பக்கத்துக்கு இந்த அலை 1960-களில் வந்தது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, மலாயாவெங்கும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. அவற்றை மலாய்மொழியில் குகிரான் என்றார்கள். பினாங்கில் 1960-களின் இறுதியில் தொடங்கி நாடறிந்த அலிகேட்ஸ் குழுவின் முன்னணிப் பாடகர்கள், லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற நம்மவர் சகோதரர்கள்தாம். லோகநாதன் 2007-இல் காலமானார்.

இனிச் சுருதிக்கு வருவோம். கித்தாரின் ஆறு தந்திகளையும் ஆங்கில எழுத்துகளில் சொல்லிக் கொடுப்பது வழக்கம். கோயில் பஜனையில் பழகியவர்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. கட்டைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை: மூன்று கட்டை, ஆறு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை, ஏழு கட்டை, மறுபடியும் மூன்று கட்டை. முதல் மூன்று கட்டைக்கும் கடைசி மூன்று கட்டைக்கும் இரண்டு ஸ்தாயி இடைவெளி. தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்ந்தால், மெல்லியது 330 முறை அதிரும். கோயில் ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ இருந்தால் போதும். கைத்தொலைபேசியில் இதற்கென்றே செயலிகளும் இருக்கின்றன, பயன்படுத்தட்டும், தவறில்லை. ஆனால் முள்ளைப் பார்த்தே சுருதி சேர்ப்பவரின் காது பழகுவதில்லை.

காதால் சேர்க்கும் முறை இது. தடித்த தந்தியை ஆர்மோனியத்தின் மூன்று கட்டையோடு சேர்த்துவிடுங்கள். அதே தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அடுத்த தந்திக்கு உரிய ஓசை கிடைக்கும். இப்படியே ஒவ்வொன்றாகப் போகலாம். ஐந்து கட்டைத் தந்தியிலிருந்து ஏழு கட்டைத் தந்திக்குப் போகும்போது மட்டும் நான்காம் மெட்டில் அழுத்த வேண்டும். இந்த ஓரிடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒன்றுபட்டு, முழுதும் ஒன்றுபடாமல் இருக்கும்போது, ஓசை "வவ்... வவ்..." என்று அலையும். ஒன்று நொடிக்கு 110 முறையும் மற்றது 112 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு இரண்டு அலைவு கேட்கும். முறுக்கமுறுக்க அலைவு மெதுவாகி, நின்றுவிடும். அப்போது சுருதி சேர்ந்தது. நாயனக்காரரும் தம்பூராக்காரரும் காலங்காலமாகக் கேட்டு வந்தது இதைத்தான்.

சேர்த்த சுருதி ஏன் நிற்பதில்லை? புதுத் தந்தி கட்டியவுடன் சில நாள் தளர்ந்துகொண்டே இருக்கும், அது இயல்பு. கையால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் சீக்கிரம் படியும். முறுக்காணியில் பத்துச் சுற்றுச் சுற்றுவதும் கெடுதல். இரண்டு மூன்று சுற்றுப் போதும். சுருதி ஏறிவிட்டால், தந்தியைத் தேவைக்கும் கீழே இறக்கி, பிறகு ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினால், முறுக்காணியின் தளர்ச்சி பின்னால் தந்தியை நழுவவிடும். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறிவரும் சிறு கட்டையில் பள்ளங்கள் உண்டு. அவற்றில் தந்தி சிக்கிக்கொண்டு, வாசிக்கும்போது "டிக்" என்று விடுபடும். பிள்ளைகளின் பென்சிலைக் கூராகச் சீவி, அந்தப் பள்ளங்களில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பென்சிலின் கரி மசகைப் போல் வேலை செய்யும்.

நம் மலைக்குரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. எஃகு, குளிரில் சுருங்கும், வெப்பத்தில் நீளும். விடியற்காலைக் குளிரில் தந்தி இறுகிச் சுருதி ஏறும். வெயில் வந்ததும் இறங்கும். இங்கே சேர்த்த கித்தாரை எடுத்துக்கொண்டு ஈப்போவில் கல்யாண மண்டபத்துக்குப் போனால், சுருதி இறங்கிப்போயிருக்கும். போன உடனே சேர்ப்பதும் வீண். பெட்டியைத் திறந்து, கால் மணி நேரமாவது கித்தாரை மண்டபத்துச் சூட்டில் விட்டுவைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். மழை மூட்டத்தில் மரமும் ஈரம் குடித்துக் கழுத்தைச் சற்றே அசைக்கும். ஈரத்தில் தந்தி துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தியில் எந்த மகாவித்துவானாலும் சுருதி கூட்ட முடியாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது, புதுக்கித்தார் வாங்குவதைவிட மலிவானது.

பழைய கித்தார் வாங்கப் போகிறவர்கள் நான்கு காரியம் பாருங்கள். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் கழுத்தைப் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். வெறுந்தந்தியையும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஓசையையும் ஒப்பிடுங்கள். மெட்டு, தந்தியின் சரிபாதியில் இருப்பதால் ஒரே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். சற்றே பிசகினால் பயமில்லை. புதுத் தந்தி கட்டிக் குதிரையில் உள்ள திருகாணியால் சரிசெய்யலாம். முறுக்காணிகள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். தொடங்குகிறவர்கள், ஓசையை நெளியவைக்கும் ஆட்டுக்கம்பி பொருத்திய குதிரையைத் தவிர்ப்பது நல்லது. அது சுருள்வில்லில் நிற்பது. ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும்.

கித்தார் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் உண்டு. 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட லெஸ் பால் ஒன்றுக்குச் சிலர் ஒரு வீட்டின் விலையைக் கொடுக்கிறார்கள். வண்ணம் தேய்ந்திருந்தாலும், திருகாணி ஒன்றுகூட மாற்றப்படாமல் இருக்க வேண்டுமாம்! அது பணமுள்ளவர் விளையாட்டு. சுவரில் மூன்று கித்தார் மாட்டி, மூன்றுக்கும் துருப்பிடித்த தந்தி வைத்திருக்கும் தம்பிமார்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடைசியாக ஒன்றைத் தாய்மார்கள் கவனித்துக் கேளுங்கள். மின்கித்தாரின் தந்திகள், கம்பி வழியாக ஒலிபெருக்கிப் பெட்டியின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. பெட்டியின் எர்த் சரியாக இருந்தால் இது பாதுகாப்பு. எர்த் இல்லாமல் உள்ளே கசிவும் இருந்தால், வீட்டு மின்சாரம் முழுவதும் தந்திக்கே வந்துவிடலாம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் இழந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-இல் இறந்ததோ வீட்டில், கித்தார் வாசித்துக்கொண்டிருந்தபோது. அனுபவசாலிகளான கலைஞர்களுக்கே இந்தக் கதி.

நம் வீடுகளில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பதும், இரண்டு முள் பிளக்கைப் பேனா மூடி கொடுத்துத் திணிப்பதும் சாதாரணமாக நடக்கின்றன. அப்படிச் செருகிய பெட்டியோடு, ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிக்கக் கூடாது. தந்தியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்றால், தந்தியை விட்டுச் சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பெட்டியைத் திருகாணி போட்டுத் திறப்பதும் வேண்டாம். வால்வு வைத்த பெட்டிகளில் பிளக்கைக் கழற்றிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பெட்டியை அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டின் எர்த்தைப் பதிவுபெற்ற மின்கம்பியாளரிடம் காட்டுங்கள். அதுவரை கித்தாரை எதிலும் செருகாமலே வாசிக்கலாம். லயத்து அறைக்குள் விரல் பழகுவதற்கு அந்தச் சிறு ஓசை தாராளமாகப் போதும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.