கும்பெனியாரும் கோயில் தேரும்

சில மாதங்களுக்கு முன் திருத்துறைப்பூண்டியில் பிறவி மருந்தீசர் கோயில் வாசலில் நின்றிருந்தேன். என்னிடம் படித்து இப்போது சட்டம் பயிலும் இளைஞர் ஒருவர் அருகில் வந்து வணங்கினார். தேரைப் பார்த்தபடியே, "ஐயா, அரசாங்கம் கோயிலை விட்டு விலக வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்களே, இந்த வாதத்தை நம் நாட்டில் வலுவாக எழுப்பி வெற்றி கண்டவர் யார்?" என்று கேட்டார்.

"இங்கிலாந்தின் பக்தி மிகுந்த கிறிஸ்தவர்கள்" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுவதாக அவர் எண்ணிவிட்டார். வேடிக்கையன்று; வரலாறுதான்.

அவர் அறியாததில் வியப்பில்லை. நானே முப்பது ஆண்டுகள் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவன். 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் என்றால், "கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். அதே சட்டம்தான் பாதிரிமார்கள் இந்தியாவுக்கு வருவதற்கான கதவைத் திறந்தது; கல்கத்தாவில் ஒரு பிஷப் பதவியையும் ஏற்படுத்தியது. இவற்றை நான் அழுத்திச் சொன்னதில்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பதே காரணம்.

அதற்கு முன் கிழக்கிந்தியக் கும்பெனியார் பாதிரிமாரைக் கண்டு அஞ்சினர். வாணிகம் கெடும், வரி வராது என்பது அவர்கள் கவலை. நமக்கு அருகிலுள்ள தரங்கம்பாடியில் 1706 முதல் சமயப்பணி நடந்ததென்றால், அது டென்மார்க்கு அரசரின் கொடியின் கீழ் நடந்தது. தஞ்சையில் வாழ்ந்து 1798-இல் மறைந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாருக்கும் அரசியலில் செல்வாக்கு இருந்தது. சென்னை அரசாங்கம் 1779-இல் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பிற்று. சரபோஜி மன்னர் அவரைத் தந்தைபோல் மதித்துத் தஞ்சையில் சலவைக்கல் நினைவுச்சின்னம் நாட்டினார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் நேர்மைக்குக் கிடைத்த செல்வாக்கு. நான் சொல்ல வந்தது வேறு வகை.

லண்டனை அடுத்த கிளாப்பாம் என்னும் இடத்தில் சில செல்வர்கள் கூடினர். 'இவாஞ்சலிக்கல்' எனப்படும் சுவிசேஷப் பிரிவினர் அவர்கள். வேதாகமமே இறுதிப் பிரமாணம், மனமாற்றமே மீட்சி என்ற உறுதியுடையவர்கள். வில்பர்போர்ஸ் அவர்களில் ஒருவர். அடிமை வாணிகத்தை 1807-இல் ஒழிக்கக் காரணமாயிருந்தவர். சார்லஸ் கிராண்ட் மற்றொருவர். வங்காளத்தில் உத்தியோகம் பார்த்துப் பின்னர் கும்பெனியின் தலைவராகவே உயர்ந்தவர். 1793-இல் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது இவர்களுடைய முயற்சி தோற்றது. 1806-இல் வேலூர்க் கிளர்ச்சி நடந்தவுடன், பழி பாதிரிமார் மீதும் விழுந்தது. இவர்கள் தளரவில்லை. 1813-இல் நாடெங்கும் சபைதோறும் கையொப்பம் திரட்டினர். எண்ணூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் பார்லிமெண்டின் முன் வந்து குவிந்தன. கும்பெனி பணிந்தது.

இந்த முறையைக் கவனியுங்கள். பிரசங்க மேடை, அச்சிட்ட துண்டுத்தாள், கையொப்பம், பின்னர் சட்டசபை. 1979-இல் அமெரிக்காவில் ஜெர்ரி பால்வெல் என்னும் போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பை நிறுவி, அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரீகனுக்கு ஆதரவு திரட்டியபோது அது புதுமை என்று பலர் எண்ணினர். கிளாப்பாம் பெரியவர்கள் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார்கள்.

இனி நம் கோயிலுக்கு வருவோம். 1799-இல் தஞ்சைச் சீமை கும்பெனி வசமாயிற்று. மன்னர் பார்த்த வேலையையும் கலெக்டரே பார்க்க வேண்டியதாயிற்று. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன்படி, கோயில் சொத்துக்களின் மேற்பார்வை ரெவினியூ போர்டைச் சேர்ந்தது. நிலவருவாயைக் கவனிப்பது, 'தஸ்திக்' என்னும் பணப்படி அளப்பது, திருவிழா நடத்துவது யாவும் சர்க்கார் காரியங்களாயின. தேர் இழுக்க ஆள் வேண்டுமா? தாசில்தார் உத்தரவிடுவார்; கிராமத்திலிருந்து ஆட்களைப் பிடித்து வருவார்கள். கூலியும் இல்லை, விருப்பமும் கேட்பதில்லை. சில விழாக்களில் கும்பெனிச் சிப்பாய்கள் அணிவகுத்து மரியாதை செய்தனர்.

சுவிசேஷப் பிரிவினருக்கு இது பொறுக்கவில்லை. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குக் காவல் நிற்பதா என்று கேட்டனர். 1833-இல், மேற்சொன்ன கிராண்டின் புதல்வர் கண்ட்ரோல் போர்டின் தலைவராயிருந்த காலத்தில், கோயில் தொடர்பை அறுக்குமாறு லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. இங்குள்ள அதிகாரிகள் அதைப் பெட்டியில் போட்டு வைத்தனர். 1836-இல் சென்னையின் முதல் பிஷப்பான காரி என்பவர், பாதிரிமாரும் உத்தியோகஸ்தரும் படைத்துறையினருமாக 203 பேர் கையொப்பமிட்ட மனுவை அரசாங்கத்திடம் அளித்தார். அரசாங்கம் மனுவை மறுத்ததோடு, பிஷப்பையும் கடிந்துகொண்டது. சென்னைப் படையின் தளபதி மெயிட்லண்ட் இதே காரணத்தால் 1838-இல் பதவியைத் துறந்தார். உயர்ந்த பதவியை மனச்சாட்சிக்காக உதறுவது எளிதன்று. அந்த அளவில் அவரை நான் மதிக்கிறேன்.

அதன்பின் கும்பெனியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நாற்பதுகளில் சென்னை அரசாங்கம் கோயில்களைக் கைவிடத் தொடங்கிற்று. தஞ்சைப் பகுதியில் பல கோயில்கள் ஆதீனங்களின் பொறுப்பிலும் உள்ளூர்ப் பிரமுகர் பொறுப்பிலும் விடப்பட்டன. 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் பிரிவினையை முடித்துவைத்தது. கமிட்டிகள் ஏற்பட்டன, அங்கத்தினர் பதவி ஆயுட்காலப் பதவி. கணக்கில் குற்றம் கண்டவர் நீதிமன்றம் செல்லலாம் என்றது சட்டம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத குடியானவனுக்கு அதனால் என்ன பயன்?

பள்ளிக்கூடத்திலும் இந்தச் செல்வாக்கு நுழையப் பார்த்தது. 1846-இல் கவர்னர் டுவீடேல் பிரபு, அரசாங்கப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடமாக வைக்க விரும்பினார். 'கிரசெண்ட்' என்னும் பத்திரிகையை நடத்திய காசுலு லட்சுமிநரசு செட்டியார் போன்றோர் சென்னையில் கூட்டம் கூட்டி, கையொப்பம் திரட்டி எதிர்த்தனர். எதிரியின் ஆயுதத்தையே எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாமல்லவா? டைரக்டர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

கோயில் விஷயத்தில் சுவிசேஷப் பிரிவினர் செய்தது முழுதும் தீமை என்று நான் கூறமாட்டேன். தேர்க்கயிற்றைக் கட்டாயத்தின்பேரில் பிடித்த ஏழைக்கு அவர்களால் விடுதலை கிடைத்தது. ஆனால் சர்க்கார் கையை எடுக்கவேண்டும் என்று துடித்தவர்கள், அடுத்து எந்தக் கை வந்து விழும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆதரவு நீங்கினால் கோயில்கள் தாமே சரியும் என்றுகூடச் சிலர் எதிர்பார்த்தனர். கோயில்கள் சரியவில்லை, பல இடங்களில் கோயில் நிலங்கள்தாம் சரிந்தன.

இதற்கு என் குடும்பத்திலேயே ஒரு சாட்சி உண்டு. என் பாட்டனார் ஒரு கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்து ரசீது பெறுவார். ஓர் அறுவடையின்போது, "இனி நெல்லை என் வீட்டில் கொண்டுவந்து அளந்துவிடு" என்றார் தருமகர்த்தாவின் உறவினர் ஒருவர். பாட்டனார் அளந்தார். கேள்வி கேட்க அவருக்கு யார் இருந்தார்கள்?

இத்தகைய நிலை முற்றிய பிறகு, அரசாங்கம் மீண்டும் வரவேண்டும் என்று இந்துக்களே கேட்டனர். பல மசோதாக்கள் வந்து வீணாயின. மதத்தில் தலையிட்டோம் என்ற பெயர் வருமே என்ற அச்சம் வெள்ளையருக்கு. 1858-இல் விக்டோரியா மகாராணி அளித்த வாக்குறுதியும் குறுக்கே நின்றது. இறுதியில், பனகல் அரசர் முதன்மந்திரியாயிருந்தபோது, 1925-இல் அறநிலையச் சட்டம் பிறந்தது. மடாதிபதிகள் பலர் எதிர்த்தனர். 1927-இல் அது மறுபடியும் இயற்றப்பட்டது. 1951-லும் 1959-லும் விரிந்து இன்றுள்ள அறநிலையத் துறையின் அதிகாரமாயிற்று.

இவ்வளவையும் கேட்ட பின், "அப்படியானால் அரசாங்கம் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா, ஐயா?" என்றார் அந்த இளைஞர். சட்டம் படிப்பவர் அல்லவா, விடாமல் பிடித்தார். இருப்பவர் யாராயினும், குத்தகைக்காரனும் கேட்கக்கூடிய இடத்தில் கணக்கு இருக்கவேண்டும் என்றேன். அது விடையாகாது என்று அவர் தலையசைத்தார்.

அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, பாட்டனாரின் தகரப்பெட்டியைத் திறந்து ரசீதுக் கட்டை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசித் தாளில் நின்றுவிட்டார். முந்திய தாள்களில் சுவாமியின் பெயர் இருந்த இடத்தில், அதில் ஒரு மனிதரின் பெயர் எழுதியிருந்தது. அளந்த நெல் அதே பதினெட்டுக் கலம்தான்.