வலியைச் சொல்லும் வகை

மாதவிடாய் வலியைப் பற்றி நாலுபேர் கேட்கப் பேசுவது நம் சமுதாயத்தில் நெடுங்காலம் வழக்கமன்று. பேசாதிருந்ததனால் நோய் இல்லாது போய்விடவில்லை. அதனைக் கண்டறிவதுதான் காலந்தாழ்ந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய்க்கு இக்கூற்று முற்றிலும் பொருந்தும். மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. நோய் இன்னதென்று துணிவதற்குச் சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் வரை கழிகின்றன என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே.

கருப்பையின் உட்புறத்தே ஒரு மெல்லிய படலம் உண்டு. அதனை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மேற்பரப்பிலும் வளர்வதே இந்நோய். அத்திசு அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் தழும்பு தோன்றி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஆகவே வலி விலக்கு நாட்களோடு நின்றுவிடுவதில்லை. மலங்கழிக்கையிலும் தாம்பத்திய உறவின்போதும் வலிக்கலாம். ஓயாத களைப்பு வரலாம். சிலருக்கு மகப்பேறு தடைப்படலாம். ‘திருமணமானால் சரியாகிவிடும்’, ‘ஒரு பிள்ளை பெற்றால் தீர்ந்துவிடும்’ என்று வீட்டில் சொல்லும் ஆறுதல் மருத்துவமாகாது. பிள்ளை தங்காத பழியையும் அந்தப் பெண்ணே சுமக்க நேர்கையில், அவ்வாறுதலே கொடுமையாகவும் மாறிவிடுகிறது.

இத்துன்பத்தோடு மொழியின் இடர்ப்பாடும் சேர்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்கள் அத்தகையன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிற்று. வேற்று மாநிலத்துக்குப் பிழைக்கப் போன நம்மைப் போன்றவர்களல்லர் அங்குள்ள தமிழர்; அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களைக் கடந்து சென்றது. ஆயினும் பெண் கொடுப்பதும் கொள்வதும் களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் இன்றும் நடைபெறுகின்றன. வீட்டில் தமிழும், கடைவீதியில் இரண்டும் கலந்த பேச்சும், அலுவலகத்தில் மலையாளமும் வழங்குவது அங்கு இயல்பு.

அத்தகைய சிற்றூர்ப் பெண்ணொருத்தி அரசு மருத்துவமனைக்குச் செல்வதாகக் கொள்வோம். மருத்துவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். ஓரளவு விளங்குவதில்தான் இடர் இருக்கிறது. நாம் ‘வலி’ என்பதை மலையாளத்தார் ‘வேதனை’ என்பர். அவர்கள் மொழியில் ‘வலி’ என்றால் இழுத்தல், ‘வலிவு’ என்றால் மூச்சிரைப்பு. ‘தூரமாயிருக்கிறேன்’ என்று நம் வீட்டுப் பெண்கள் நாணத்தோடு சொல்வது, மலையாளச் செவிக்கு வழியின் தொலைவாகவே படும். அங்கே அதற்கு ‘ஆர்த்தவம்’, ‘மாசமுறை’ என்பன சொற்கள். வலி என்ற பொதுச்சொல்லை எப்படியும் உணர்த்திவிடலாம். குத்தலா, குடைச்சலா, கடுப்பா, இழுப்பா, எரிச்சலா என்னும் வேறுபாடுகளே வழியில் உதிர்ந்துவிடுகின்றன. நோயைத் துணிவதற்கு மருத்துவருக்கு வேண்டியவையோ அவ்வேறுபாடுகள்தாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இன்னொன்றும் தெரியும். இடையில் நின்று சொல்பவர் தமக்கு நாணமாகத் தோன்றுவதை விழுங்கிவிடுவார். கணவரோ மாமியாரோ மொழி சொல்லும்போது, தாம்பத்திய உறவின்போது வலி உண்டா என்ற வினாவுக்கு உண்மையான விடை வெளிவருவது அரிது. ஆகையால் துணைக்கு வருவோரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லுமாறு மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்வதில் தவறில்லை. மொழி சொல்வதற்குத் தோழியோ, சகோதரியோ, மொழி தெரிந்த செவிலியரோ வாய்த்தால் நன்று.

இவை எல்லாவற்றினும் உறுதியான துணை ஒன்று உண்டு. அது எளிய விலைக்குக் கிடைக்கும் ஒரு குறிப்பேடு. மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் அதில் எழுதிவர வேண்டும். விலக்கான நாள் எது, வலி எவ்விடத்தில் தொடங்கி எங்குப் பரவியது, மலசலம் கழிக்கையில் கூடியதா, எத்தனை முறை துணி மாற்ற நேர்ந்தது, எந்த மாத்திரை உண்டோம், அதற்குக் கேட்டதா என்பவற்றைக் குறிக்க வேண்டும். வலியினால் நின்றுபோன வேலையையும் விடாது எழுதுக. ‘தறியில் உட்கார முடியவில்லை’, ‘பள்ளிக்குப் போகவில்லை’, ‘சமைக்காமல் படுத்திருந்தேன்’ என்னும் ஒரு வரி, ‘தாங்கமுடியாத வலி’ என்பதைவிட மருத்துவருக்கு மிகுதியாக உணர்த்தும். தமிழில் எழுதியதை மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வீட்டிலேயே பெயர்த்து எழுதி வைத்துக்கொண்டால், மருத்துவமனையில் நாத்தடுமாற வேண்டியதில்லை.

மருத்துவத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தால், நோயே இல்லை என்பது பொருளன்று. சிறு படிவுகள் படத்தில் தெரியாமலும் போகும். முன்னர் லாப்பராஸ்கோப்பி என்னும் துளை அறுவை செய்து கண்ணால் கண்டாலன்றி நோயை உறுதிசெய்வதில்லை. 2022இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை அந்நிலையை மாற்றியது. அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது அதன் கருத்து. வலிநீக்கி மாத்திரைகள் முதற்படி. டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மருந்துகள் அடுத்தபடி. அவற்றை உண்ணுங்காலத்துக் கருத்தரிப்பு பெரும்பாலும் தடைப்படும் ஆதலால், பிள்ளை விரும்புவோர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கு அடங்காதபோதும், வேறு சில காரணங்களை முன்னிட்டும் அறுவை செய்வர். அறுவைக்குப் பின்னும் நோய் திரும்பலாம். கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் வலி தீருமென்ற உறுதியும் இல்லை. முற்றிலும் போக்கும் மருந்து இன்னும் காணப்படவில்லை. வலியை அடக்கி வாழ வழியுண்டு. எனவே நம் சொல்லைச் செவிமடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிக்கொள்வதே தலையாய காரியம். திடீரென்று கடும் வலியோ மயக்கமோ வந்தால் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

எல்லையோரத்தாருக்கு இருபுறமும் வாயில்கள் உள. நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும், காரக்கோணத்தில் சாமர்வெல் பெயரால் அமைந்த மருத்துவக் கல்லூரியும், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் இருக்கின்றன. கிழக்கே சென்றால் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. ஒரு மருத்துவர் ‘எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்’ என்று அனுப்பிவிட்டால், மற்றொருவரிடம் செல்வது அவமதிப்பன்று. ஆனால் காப்பீட்டைக் கவனிக்க வேண்டும். மாநில அரசுகளின் திட்டங்கள் அந்தந்த மாநிலக் குடும்ப அட்டையைச் சார்ந்தவை. 2018இல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இடம்பெற்ற குடும்பம், அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எம்மாநிலத்தில் இருப்பினும் பயன்பெறலாம். பழைய ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லாவிட்டால், எல்லைக்கு அப்பால் சோதனைகள் யாவும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

குறைதீர்க்கும்படி அரசுக்கு விண்ணப்பிக்கையில் மாநிலத்தில் வழங்கும் எம்மொழியையும் கையாளலாமென்று அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு, அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எழுத்தில் கிடைத்த இவ்வுரிமை மருத்துவரின் மேசைக்கு முன் தானாக வந்து நிற்பதில்லை. அதனை நாம் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆட்களைத் திரட்டுகின்றன. மருத்துவமனைக்கு உடன்சென்று, கேட்டதைக் கேட்டவாறே சொல்லக்கூடிய பெண்கள் இருவர் மூவரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைப்பதும் சங்கத்தின் பணியே. நம் வீட்டுப் பெண்பிள்ளை மாதந்தோறும் சுருண்டு படுத்தால், ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்வதற்கு முன், எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேட்போம். அவள் சொல்வதை எழுதியும் வைப்போம்.