மறைக்கப்பட்ட ஈரம்



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. விலை ஏறிய இடத்தில் ஏமாற்றும் நுழைகின்றது.

கோமாரியிலிருந்து அக்கரைப்பற்றுக்கு நாளாந்தம் சென்றுவர, நெடுந்தூரம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாலிபர் ஒருவர் விரும்பலாம். அவ்விருப்பம் குற்றமன்று. ஆயினும் வர்ணத்தின் மினுக்கத்தில் மயங்காதீர்கள். மஸ்தா ஆர்எக்ஸ்-8 காரின் சுழல் எஞ்சின், இயல்பாகவே ஒயிலை எரிக்கக்கூடியது. கடலோர உப்புக்காற்று அடித்தட்டை அரிக்கும். மீட்டரின் எண்ணைச் சர்விஸ் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திருத்தச் செலவுக்கும் பணம் ஒதுக்கிய பின்னரே விலை பேசுங்கள்.

விற்பவர்களே! தானியக் குவியலினுள் கையை நுழைத்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவியதை ஸஹீஹ் முஸ்லிம் அறிவிக்கின்றது. மீட்டரைக் குறைப்பதும் ஈரத்தை மறைப்பதே. ஈரத் தானியத்தால் போவது பணம் மட்டுமே. மறைக்கப்பட்ட பழுதான பிரேக்கினால் ஒரு தாயின் பிள்ளையே போய்விடலாம்.

குறையைச் சொல்லி விற்போம், கேட்டறிந்து வாங்குவோம். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.