வாழுகின்ற இசையமைப்பாளர்கள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உள்ளனர். ஆகவே, இசையைப் பற்றிப் பேச எனக்கு இசைவு தருமாறு வேண்டினேன்; அதிலும் மேலைநாட்டுச் செவ்வியல் இசையைப் பற்றி! நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்னும் வினா உங்களுள் சிலர் முகத்தில் எழுவதை இங்கிருந்தே காண்கிறேன். தொடர்பு உண்டு, சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

மேலை இசை என்றவுடன் பாக், மோசார்ட், பீத்தோவன் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. மூவரும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அதனால் அவ்விசையே அருங்காட்சியகத்துப் பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இன்றும் மனிதர்கள் மேசை முன் அமர்ந்து, சுரக்குறிகளை எழுதி, எண்பது தொண்ணூறு பேர் ஒருங்கே வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுக்களுக்குப் புதிய படைப்புகளை வழங்கி வருகின்றனர். அவர்களுள் கறுப்பின மக்களும் உளர். அவர்களைப் பற்றியே பேச வந்தேன்.

நியூயார்க் நகரில் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கம் 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆபரா என்பது கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நாடகம். நம் கூத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேடையில் கறுப்பினத்தவர் ஒருவர் வேடமேற்றுப் பாட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரியன் ஆண்டர்சன் அம்மையார் அவ்வாறு பாடியபோது அவருக்கு வயது 57. சரி, பாடகருக்குக் கதவு திறந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய ஆபரா அங்கு அரங்கேறியது எப்போது? 2021 செப்டம்பர் 27-ஆம் நாள்! அரங்கம் தோன்றி 138 ஆண்டுகள். பாடகர் நுழைந்து 66 ஆண்டுகள்.

இந்த 66 ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வாசிப்பவனை ஏற்கும் உலகம், ஆக்குபவனை ஏற்கத் தயங்குகிறது. வாசித்தவன் கூலி பெற்றுச் செல்வான். ஆக்கியவன் பெயரோ ஏட்டில் ஏறும். நம் பறையில் சாமிச்சாட்டு அடி உண்டு, மருள் அடி உண்டு, மாரடித்தல் அடி உண்டு. அவற்றை முதன்முதலில் எண்ணி அமைத்தவர் யாராவது இருந்திருக்க வேண்டுமன்றோ? அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? 'வழக்கமாக அடிப்பது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அந்த 2021-ஆம் ஆண்டு ஆபராவை இயற்றியவர் டெரன்ஸ் பிளான்சார்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1962-இல் பிறந்தவர், டிரம்பெட் கலைஞர். லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வறுமையில் வளர்ந்த சார்லஸ் புளோ என்னும் பத்திரிகையாளரின் தன்வரலாறே கதை. அதில் கல்லூரி மாணவர்கள் காலால் தரையை மிதித்தும் கையைத் தட்டியும் தாளம் எழுப்பி ஆடும் காட்சி ஒன்று வருகிறது. தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதற்குச் சட்டம் தடை விதித்தது. முரசு பறிக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர் உடம்பையே முரசாக்கி, அப்பெருமேடையில் ஒலிக்கச் செய்தனர். எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும்.

ஆயினும், வாழும்போதே பெயர் பெறும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. பிளாரன்ஸ் பிரைஸ் என்னும் கறுப்பின அம்மையாரின் முதல் சிம்பொனியை 1933-இல் சிகாகோ வாத்தியக் குழு வாசித்தது. அவர் 1953-இல் மறைந்தார். 2009-இல், ஆளற்றுப் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைச் செப்பனிட முனைந்தபோது, கட்டுக் கட்டாக அவருடைய கையெழுத்துப் படிகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காம் சிம்பொனியும் இருந்தன. கூரை முழுதும் இடிந்திருந்தால் அவையும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

தானியா லியோன் அம்மையாரின் நற்பேறு வேறு. கியூபாவில் 1943-இல் பிறந்து, 1967-இல் அமெரிக்கா வந்தவர். பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டையொட்டி அவர் இயற்றிய 'ஸ்டிரைட்' என்னும் படைப்பை 2020-இல் நியூயார்க் பில்ஹார்மானிக் குழு அரங்கேற்றியது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1920-இல் சட்டம் வந்தும், தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் அச்சமின்றி வாக்களிக்க 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர் என்பதையும் மனத்தில் கொண்டே அதைக் கேட்க வேண்டும். எல்லாம் கால் மணி நேரந்தான்.

நம் மண்ணிலும் ஒருவர் உளர். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்கள் 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டன் மாநகரில் தம் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 81. அவரது இயற்கை அறிவைப் புகழாதார் இலர். ஆனால், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அமர்ந்து மேலைச் சுரக்குறிகளை அவர் முறையாகக் கற்றதை ஏனோ பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அதுவும் எழுத்தறிவுதான். அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். கற்கும்வரை அரிசிக்கு வழி வேண்டும்.

நம் சங்கம் இதுகாறும் மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்கே உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. அது முறையே, பசித்த வீட்டுக்கு முதலில் சம்பளம் வேண்டும். இசை படித்தால் வேலை கிடைக்குமா என்று பொருளாளர் கேட்பார். கேட்க வேண்டியவர் அவர்தாம். உறுதியாகக் கிடைக்கும் என்று நான் கூற மாட்டேன். எனினும், ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு பிள்ளைக்கு, சுரக்குறி எழுதவும் இசை இயற்றவும் கற்க உதவித்தொகை ஒதுக்குமாறு செயற்குழுவிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்துள்ளேன். அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.

அதற்கு முன்பாக, வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்க வாசகசாலையில் லியோன் அம்மையாரின் அந்தக் கால் மணி நேரப் படைப்பை ஒலிக்கச் செய்ய ஏற்பாடாகியுள்ளது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பொருளாளர் அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.